கஞ்சித் தண்ணீரில் ஓடிய கடிகாரம்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கண்டக்டர் என்னை நிறுத்திவிட்டார். வழி நெடுக என் மடியில் இருந்த கறுப்புத் துணிச் சுருளையே பார்த்துக்கொண்டு வந்த மனிதர், அதற்குமேல் அடக்க முடியாமல் கேட்டார்.

"ஏம்மா, அய்யப்பனுக்கு மாலை போடுற சீசன் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு. இப்பப் போயி யாருக்கும்மா கறுப்பு வேட்டி?"

இது வேட்டி இல்லை, கரியை நூலாக்கிச் செய்த துணி, இதை வைத்துக் கிருமிகளிடமிருந்து கரண்ட் எடுக்கப்போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெயிலில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பஸ்ஸே முடிவு கட்டிவிடும். "எங்க மாமாவுக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நான் மலேசியாக்காரி. ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அம்மா பிறந்தது ராஜபாளையம். அம்மாவின் தம்பியான மாமா இங்கே பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருக்கிறார். அவருடைய ஒரே மகள் கோமதி, கிருஷ்ணன்கோவிலில் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். பள்ளி விடுமுறைக்கு வருகிறேன் என்று போன் போட்டதற்கு, "மதினி, எனக்குச் சேலையும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம். கார்பன் துணி கிடைச்சாக் கொண்டாங்க" என்றாள். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைகளில் தீப்பொறி தெறிக்காமல் போர்த்துவதற்கு அந்தத் துணி வைத்திருப்பார்கள். பட்டறை முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை முகர்ந்துகூடப் பார்த்தார்.

மாமாவே ஸ்கூட்டரில் வந்திருந்தார். "பசியாறியாச்சா மாமா?" என்று நான் எங்கள் ஊர் வழக்கத்தில் கேட்க, "பசியாறுறதா? சாப்பிட்டியான்னு கேளு தாயி, நீ கேக்குறதப் பாத்தா நான் பட்டினி கெடந்த மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தார். எண்ணெயில் பொரித்த புரோட்டா வாங்கித் தந்தார். எங்கள் ரொட்டி சானாய் இதன் பக்கத்தில் சவலைப் பிள்ளை. சும்மா சொல்லக்கூடாது, சால்னாவின் காரத்தில் காது அடைத்துப் போனாலும் மூன்றாவது புரோட்டாவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமாவின் யூனிட் ஊருக்கு வெளியே இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே வெறும் வெயில். தறியில் நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போட்டு நெய்து வரும் துணியை இங்கே அலசி, கஞ்சி எடுத்து, வேகவைத்து, வெளுத்து, காயவைத்து, சுருட்டி, கடைசியில் ஸ்டீம் பெட்டிக்குள் ஏற்றுவார்கள். பெட்டியிலிருந்து வெளியே வரும் சுருளில் கிருமி என்று ஒன்று இருக்கக் கூடாது. அந்தப் பெட்டி பொன்னுத்தாயக்கா பொறுப்பு. ஐம்பது வயது இருக்கும், எப்போதும் ஈரக் கை. நான் செருப்போடு உள்ளே காலை வைத்ததும், "யம்மா மலேசியா, அத வெளிய விட்டுட்டு வாங்க. காலக் கழுவுங்க" என்று ஒரு அதட்டல். நானும் பள்ளிப் பிள்ளை மாதிரி கழுவினேன்.

கோமதி என்னை நேராக கேட் ரூமுக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு மேசை, மூன்று கண்ணாடி ஜாடி, சுவரில் ஒரு கடிகாரம். வேறெதுவும் இல்லை. ஒவ்வொரு ஜாடியிலும் யூனிட்டிலிருந்து வழிந்த கஞ்சித் தண்ணீர், அதன் நடுவே மெருகு போடாத சின்ன மண் சட்டி, சட்டிக்குள் உப்புத் தண்ணீர். இரண்டிலும் பழைய டார்ச் பேட்டரிக் கட்டையிலிருந்து உருவிய கரிக்குச்சிகள். ஜாடியின் மூடியைச் சுற்றி மெழுகு. கம்பிகள் மூன்று ஜாடியையும் கோத்துக்கொண்டு போய்க் கடிகாரத்தில் முடிந்தன. நொடி முள் டிக் டிக் என்று நகர்ந்துகொண்டிருந்தது.

"கட்டை கிடையாது மதினி. பின்னாடி தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். கட்டை போடும் குழி காலியாக இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பள்ளியில் எத்தனையோ சோதனை செய்து காட்டியிருக்கிறேன். உயிருள்ள ஒன்று உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டுவதைப் பார்த்ததில்லை.

விஷயம் இவ்வளவுதான். கஞ்சியைத் தின்னும் கிருமிகள் அதிலிருந்து எலெக்ட்ரானை எடுக்கின்றன. நாம் அதை மூச்சுக் காற்றிடம் கொடுத்துவிடுகிறோம். காற்று இல்லாத ஜாடிக்குள் அவை யாரிடம் கொடுக்கும்? கோமதி ஒரு நீலச் சாயத்தைக் கலந்துவிடுகிறாள். சாயம் கிருமியிடம் வாங்கிக் கரியிடம் கொடுக்கிறது. கரியிலிருந்து கம்பி வழியாக ஓடினால் அதுதான் கரண்ட். கிருமிகள் மும்முரமாக வேலை செய்தால் நீலம் வெளுத்துவிடும். காற்றுப் பட்டால் திரும்பவும் நீலமாகும். அன்றைக்கு மூன்று ஜாடியும் வெளுத்துப்போய், பழைய கஞ்சி நிறத்தில் கசடோடு கிடந்தன.

"அழகா இருக்குல்ல?" என்றாள் கோமதி. பார்க்கச் சகிக்கவில்லை, நாற்றம் வேறு. அழகாக இருக்கிறது என்றேன்.

இதில்தான் அவளுடைய பிழைப்பே மாட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கல்லூரியில் ரிவ்யூ. அவளுடைய துறைத் தலைவர் இதை நம்பவில்லை. "எலுமிச்சம்பழத்துல ரெண்டு கம்பியச் செருகினாலும்தான் கரண்ட் வருது. இதுவும் வெறும் கெமிஸ்ட்ரி. கிருமிதான் ஓட்டுதுன்னு காட்டு, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டார். காட்ட முடியாவிட்டால் வேறு தலைப்பில் இன்னொரு வருஷம் இழுக்க வேண்டும். பெங்களூரில் மேல்படிப்புக்குக் கிடைத்திருக்கும் இடமும் கையைவிட்டுப் போகும்.

கேட் ரூமில் வைத்துக்கொள்ள மாமா இடம் கொடுத்ததும் ஒரு நிபந்தனையோடுதான். ஜாடியில் இருப்பதைக் "கிருமி" என்று யூனிட்டுக்குள் யாரும் வாயால் சொல்லக் கூடாது. பேண்டேஜ் துணி செய்கிற இடத்தில் முதலாளி மகள் கிருமி வளர்க்கிறாள் என்று தெரிந்தால் வாங்குகிறவன் என்ன நினைப்பான்? அதனால் யார் கேட்டாலும் கோமதி ஒரே பதில்தான் சொல்வாள்: "அது ஒரு மருந்து."

மறுநாள் நீலச் சாயம் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பக்கத்து ஊர்தான், பஸ் ஏறினால் இறங்கிவிடலாம் என்றாள் கோமதி. ஏறினோம். பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். டிரைவர் டயரைப் பார்த்தார், கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார், ஜாக்கி மட்டும் வரவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் ஆளாளுக்குச் சண்டை பிடித்திருப்பார்கள். இங்கே ஒருத்தர் கூடையிலிருந்து மாம்பழத்தை அறுத்து எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

என் பக்கத்தில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துத் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். "என்னட்டி சொல்றாங்க?" என்று கோமதியைக் கேட்டேன். அவள் நெளிந்தாள். "இம்புட்டுப் பெரிய செருப்பு இந்த ஊருல எங்க விக்குதுன்னு கேக்குறாங்க மதினி." அது என் தம்பியின் செருப்பு. மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய?

கடைசியில் ஒரு பால் வேன்தான் எங்களை ஏற்றிக்கொண்டது. கேன்களுக்கு நடுவில் இடுக்கி உட்கார்ந்து, சேலை முழுக்கப் பால் வாடையோடு நாங்கள் போக வேண்டிய பால் சொசைட்டி வாசலிலேயே போய் இறங்கினோம். அங்கே லேபில் இருந்த சாருக்குக் கோமதியைப் பல மாதமாகத் தெரியும். ஒரு சோதனைக் குழாயில் பாலை ஊற்றி ஒரு சொட்டு நீலம் விட்டுக் காட்டினார்.

"நீலம் சீக்கிரம் மறைஞ்சுட்டா பால்ல கிருமி அதிகம்னு அர்த்தம்மா. எங்களுக்குக் கெட்ட சேதி. இந்தப் புள்ளைக்கு அதுதான் நல்ல சேதி" என்று சொல்லி, ஒரு சின்னக் குப்பியில் சாயம் தந்தார்.

வந்ததற்குப் பால்கோவா சாப்பிடாமல் போனால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். சூடு ஆறாத பால்கோவா, இலையில். ஈப்போவில் டின் பாலைக் காய்ச்சி இதே பெயரில் ஒன்று விற்கிறார்கள். அவர்களை ஒருநாள் இங்கே கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும். பிறகு மடவார் வளாகத்துக் கோயிலுக்குப் போனோம். கோமதி வைத்தியநாத சுவாமி முன்னால் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். "என்ன வேண்டிக்கிட்டே?" என்றேன். "ஜாடியில உள்ளதுகளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு" என்றாள். நோய் தீர்க்கிற சாமியிடம் போய்க் கிருமிகளுக்காக வேண்டிக்கொண்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்று மாலை நான் கொண்டுவந்த கார்பன் துணியை வைத்து நாலாவது ஜாடி தயாரானது. பழைய ஜாடியிலிருந்து ஒரு கரண்டி கசடை அதில் விட்டாள். எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. நீலம் வெளுப்பதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று மாமா வீட்டில் நான் படுக்கும் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். மறுநாள் காபி குடிக்கும்போது பார்க்கிறேன், நீலம் போன இடம் தெரியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. வாசலில் பூ விற்ற பெண்ணிடம் சொன்னேன். "அப்பிடியாக்கா" என்று முழம் அளந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை நானும் கோமதியும் மாம்பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு மதியம் யூனிட்டுக்கு வந்தோம். கேட் ரூம் பளபளவென்று இருந்தது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் மூன்று ஜாடியும் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. மெழுகு உருகி ஜாடியின் பக்கமெல்லாம் வழிந்திருந்தது. மூன்றுக்குள்ளும் பளிச்சென்று நீலம். கம்பிகளைக்கூட ஒழுங்காகத் திரும்ப மாட்டியிருந்தார்கள். கடிகாரம் நின்றுபோயிருந்தது.

பொன்னுத்தாயக்கா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"நாளைக்குப் பெரிய ஆளுக பாக்காகன்னு பாப்பா சொல்லுச்சுல்லா. ஜாடியப் பாத்தா ஒரே கசடு. நம்ம யூனிட்டுல இருந்து ஒரு சாமான் அப்பிடி வெளிய போனா எனக்குல்ல அசிங்கம்? கொட்டல தாயி, பாப்பா சேத்து வச்ச மருந்தாச்சே. அப்பிடியே ஸ்டீம் பெட்டிக்குள்ள வச்சு, துணிக்கு வைக்கிறதுக்கு மேல செத்த நேரம் கூடவே வச்சு எடுத்தேன். அழுக்கு நிறம் போயி எப்பிடி நீலம் வந்திருக்கு பாருங்க! ஒரு கிருமி உசிரோட இல்ல. நான் கேரண்டி."

கோமதி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் கொட்டியது. மாமா ஓடிவந்தார். வேறு வழியில்லாமல், அந்த யூனிட்டில் சொல்லக்கூடாத சொல்லை அவரே பொன்னுத்தாயக்காவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அது மருந்து இல்லை, கிருமி. கோமதி மாதக்கணக்காக வளர்த்தது.

பொன்னுத்தாயக்கா சிரிப்பு மாறாமலே ஈரக் கையை முந்தானையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல பாப்பா" என்றார். அப்படியே வெளியே போய்விட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் செத்துப்போனது. தப்பு யார் மேல் என்று யோசித்தால் மாமாவைப் பார்க்கத் தோன்றியது, கோமதியைப் பார்க்கத் தோன்றியது.

மாமா தொண்டையைச் செருமினார். "ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன். கடிகாரத்துக்குப் பின்னாடி ஒரு கட்டையப் போட்டு விட்டுருவோம். அது பாட்டுக்கு ஓடப்போகுது. யாரு கழட்டிப் பாக்கப்போறா?"

"போட்டா நான் காலேஜுக்கே போகமாட்டேன்" என்றாள் கோமதி. பாவம், மாமாவுக்கும் மகள் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் செத்த மூன்று ஜாடியையும், என் அறையில் இருந்ததால் தப்பிய நாலாவதையும் துணி சுற்றி, கடிகாரத்தோடு கூடைகளில் வைத்து பஸ் ஏறினோம். தப்பிய அந்த ஒற்றை ஜாடிக்குக் கடிகாரத்தை ஓட்டும் தெம்பு கிடையாது. எங்கள் அதிர்ஷ்டத்துக்கு உட்கார இடம் கிடைத்தது. எனக்கு ஒரே எரிச்சல். அந்தத் துறைத் தலைவர்மேல் எரிச்சல், வெயில்மேல் எரிச்சல், என் காலை மிதித்துக்கொண்டு நின்ற பெரியவர்மேல் எரிச்சல். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது அடக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"உசிரோட இருந்த வரைக்கும் ஓடுச்சு. கொன்னதும் நின்னுபோச்சு. இதுக்கு மேல உங்க சாருக்கு என்னட்டி அத்தாட்சி வேணும்?"

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "யாரும்மா செத்தது?" என்றார்.

கோமதி என்னையே வெறித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மதினி, சாரு இதைத்தான் கேட்டாரு. கொன்னு பாருன்னு. நான்தான் செய்யல."

"ஏன்?"

"பயம். செத்த பொறவும் கரண்ட் வந்துட்டா? அப்ப நான் இத்தனை நாளா கும்பிட்டது வெறும் உப்புத் தண்ணியத்தான்னு ஆயிரும்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

துறைத் தலைவர் கண்டிப்பான மனிதராகத் தெரிந்தார். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார், கோமதியைப் பார்த்தார். கோமதி ஒளிக்காமல் சொன்னாள். "சார், இந்த மூணும் செத்தது. அதே கஞ்சி, அதே சாயம், அதே கரி, அதே கம்பி. ஆவி மட்டும்தான் காட்டியிருக்கு." மீட்டரை வைத்துக் காட்டினாள். முள் அசையவில்லை. "எலுமிச்சம்பழம் மாதிரின்னா சார், இப்பவும் வரணும்." பிறகு நாலாவது ஜாடியிலிருந்து ஒரு கரண்டி கசடை எடுத்துச் செத்த ஜாடிகளில் ஒன்றில் மட்டும் விட்டு, மெழுகு வைத்து மூடினாள். "சாயங்காலம் வாங்க சார்."

அந்தப் பகல் போல் நீளமான பகலை நான் கண்டதில்லை. கேன்டீனில் தயிர்ச் சோறு வாங்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிடாமல் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாணவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன், "கோமதி ஊறுகாய் போடுறா" என்றான். நீலம் நீலமாகவே இருந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வெளியே வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

"மதினி!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கரண்டி விட்ட ஜாடியின் அடியில் நீலம் வெளிறத் தொடங்கியிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே நீலம். மீட்டரின் முள் பூஜ்யத்திலிருந்து எழுந்து மெல்ல மெல்ல ஏறியது. கல்லூரி பஸ்கள் கிளம்பும் நேரத்தில் துறைத் தலைவர் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முள்ளையும் ஜாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்திருக்க மனமில்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இதைத்தானேம்மா இத்தனை நாளாக் கேட்டேன். நல்ல ஐடியா."

"ஐடியா இல்ல சார், தப்பு. எங்க யூனிட்ல பொன்னுத்தாயக்கா சுத்தம் பண்றதா நெனச்சு வேகவச்சுட்டாங்க. நானா இருந்தா செஞ்சிருக்கவே மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்த முகத்துக்கும் சிரிப்பு வருமா என்று இருந்தது எனக்கு. "ரிப்போர்ட்லயும் அப்படியே எழுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் திரும்பும்போது கோமதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. சந்தோஷத்தில்தான்.

ஆனால் பொன்னுத்தாயக்கா வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை கோமதியே அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப அதுக செத்துத்தான் பாப்பா பாஸாச்சா?" கோமதி தலையாட்டினாள். பொன்னுத்தாயக்கா முகத்தில் கவலை போகவில்லை. இருபது வருஷமாகக் கிருமியைக் கொல்கிறவர், முதல்முறையாக அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு நின்றார். கோமதி கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். மற்ற இரண்டு ஜாடியிலும் கசடை விட்டது பொன்னுத்தாயக்காதான்.

நான் ஊருக்குக் கிளம்பும் அன்று காலை பெட்டியோடு கேட் ரூமில் எல்லாரும் கூடியிருந்தோம். மூன்று ஜாடியும் பழையபடி வெளுத்துக் கசடாகிவிட்டன. பொன்னுத்தாயக்கா வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் வடிகஞ்சி கொண்டுவந்திருந்தார். "மில்லுக் கஞ்சி மட்டும் குடிச்சா அதுகளுக்கு எப்பிடிக் காணும்?" என்றார்.

கோமதி கம்பியை மாட்டினாள். நொடி முள் ஒருமுறை துடித்தது, நின்றது. மறுபடி துடித்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து டிக் டிக் என்று நகர ஆரம்பித்தது. மாமா கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

கடிகாரம் வெள்ளிக்கிழமை நின்ற நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. சரியான நேரம் வைக்கக் கோமதி கையை நீட்டினாள். பொன்னுத்தாயக்கா ஈரக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தாத பாப்பா. நான் கொன்ன நேரத்துல இருந்துல்ல எந்திரிச்சு வருதுக. அப்பிடியே ஓடட்டும்."

கோமதி கையை இறக்கிக்கொண்டாள். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.